அறிபுனை, சூப்பர் ஹீரோ, பேய்ப் படங்கள்: லாஜிக் ஓட்டைகளை எண்ணினால் விமர்சனம் ஆகிவிடுமா?

வெண்திரை (கேள்வி):

வணக்கம். அறிபுனை, சூப்பர் ஹீரோ, பேய்ப் படங்களுக்கு 800 வார்த்தை அளவில் விமர்சனம் எழுதுகிறேன். குடும்பக் கதைக்கோ அரசியல் படத்துக்கோ எழுதும்போது வராத சிக்கல் இந்த மூன்று வகையிலும் வருகிறது. 'கிராவிட்டி' (2013) பற்றி எழுதியதைத் திரும்பப் படித்தால் பாதிக்கு மேல் அறிவியல் பிழைப் பட்டியல். அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது 'ஒளிப்பதிவு அருமை, இசை அருமை' மட்டும்தான். பேய்ப் படம் என்றால் 'பயமாக இருந்தது, இல்லை' என்பதைத் தாண்டி வார்த்தை நகர மாட்டேன் என்கிறது. சூப்பர் ஹீரோ படத்திலோ, ஒருவன் பறப்பதையே ஒப்புக்கொண்ட பிறகு வேறு எதைக் கேள்வி கேட்பது?

எந்தப் பிழையை எழுதலாம், எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்ய உங்களிடம் ஏதாவது முறை இருக்கிறதா? படத்தை எப்படிப் பார்த்துக் குறிப்பு எடுப்பது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

சுற்றுப்பாதை:

'கிராவிட்டி'யையே எடுத்துக்கொள்வோம். அதில் இருக்கும் இரண்டு பிழைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலாவது எல்லோரும் சொல்வது. படத்தின் விண்வெளி வீரர்கள் ஸ்டோனும் கவால்ஸ்கியும் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு முதுகில் கட்டிய உந்துபொறியோடு போய்ச் சேர்கிறார்கள். ஹப்பிளின் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு 28.5 பாகை (டிகிரி) சாய்ந்தது. நிலையத்தின் பாதை 51.6 பாகை சாய்ந்தது. உயர வித்தியாசம் பெரிய விஷயமே இல்லை, இந்தச் சாய்வு வித்தியாசம்தான் ஆளைக் கொல்லும். இரண்டு பாதைகளும் மிகச் சாதகமாக அமைந்தாலும் 23 பாகை திரும்ப வேண்டும். நொடிக்கு 7.6 கி.மீ. வேகத்தில் போகிற ஒன்றை அவ்வளவு திருப்ப நொடிக்குச் சுமார் 3 கி.மீ. வேகமாற்றம் தேவை. 1984இல் விண்வெளி வீரர்கள் முதுகில் மாட்டிப் பறந்த உந்துபொறியால் மொத்தமாகவே நொடிக்கு 25 மீட்டர் அளவுக்குத்தான் வேகத்தை மாற்ற முடியும். நூறு மடங்குக்கு மேல் பற்றாக்குறை.

நாசாவுக்கே இது நடைமுறைச் சிக்கலாக இருந்தது. 2009 மே மாதம் ஹப்பிளைப் பழுது பார்க்க அட்லாண்டிஸ் விண்ணோடம் போனபோது, ஏதாவது ஆனால் விண்வெளி நிலையத்தில் போய் ஒதுங்க வழியில்லை என்பதால்தான் எண்டெவர் விண்ணோடத்தை இன்னொரு ஏவுதளத்தில் தயாராக நிறுத்தி வைத்தார்கள்.

இரண்டாவது, கவால்ஸ்கி தன்னைக் கழற்றிவிடும் காட்சி. நிலையத்தில் நிற்கும் சோயுஸ் விண்கலத்தின் பாராசூட் கயிறுகள் ஸ்டோனின் காலில் சுற்றி அவரை நிறுத்துகின்றன. கவால்ஸ்கி ஒரு பட்டையின் நுனியில் இருக்கிறார். பார்க்கிற நமக்கு இருவரும் நின்றுவிட்டதாகவே தெரிகிறது. நின்றுவிட்டவரை வெளியே இழுக்க அங்கே எந்த விசையும் கிடையாது. ஸ்டோன் பட்டையை ஒருமுறை சுண்டினால் போதும், அவர் இவரை நோக்கி மிதந்து வந்துவிடுவார்.

கணக்கில் முதல் பிழைதான் பெரியது. விமர்சனத்தில் இரண்டாவதுதான் பெரியது. ஹப்பிளும் நிலையமும் பக்கத்துத் தெரு மாதிரி இருப்பது கதை தொடங்குவதற்கான ஏற்பாடு. அதை ஒப்புக்கொண்டுதான் உள்ளே உட்காருகிறோம். கயிற்றுக் காட்சியில் ஒருவர் உயிரை விடுகிறார். மீதிப் படம் முழுக்க ஸ்டோன் சுமக்கிற துக்கமும், பிற்பாடு அவர் பிழைக்க முடிவெடுப்பதும் அந்தச் சாவின் மேல்தான் நிற்கின்றன. அந்தச் சாவு அவசியமா என்ற சந்தேகம் பார்ப்பவருக்கு வந்துவிட்டால் எல்லாம் ஆட்டம் காணும். ஆகவே, ஒரு பிழை கண்ணில் பட்டதும் கதாபாத்திரத்தின் எந்த முடிவு அதன்மேல் ஏறி நிற்கிறது என்று தேடுங்கள். எந்த முடிவும் நிற்கவில்லை என்றால் அந்தப் பிழைக்கு ஒரு வரி போதும். அதையும் விட்டுவிடலாம்.

இன்னொன்று, படத்தின் முதல் ஐந்து நிமிடத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 'கிராவிட்டி' எழுத்துகளோடு தொடங்குகிறது: 600 கி.மீ. உயரத்தின் வெப்பநிலை, ஒலியைக் கடத்த எதுவும் இல்லை, உயிர் வாழ முடியாது. இயற்பியலை மதித்து நடப்பேன் என்று படமே வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கை வைத்துப் படத்தை அளக்கலாம், அது நியாயம். ஒலி விஷயத்தில் அந்த வாக்கைப் பெரும்பாலும் காப்பாற்றியும் இருக்கிறது. மோதல்கள் சத்தமில்லாமல் நடக்கின்றன. ஸ்டோன் கை வைத்திருக்கும் பொருளின் அதிர்வு மட்டும் உடைக்குள் மந்தமாகக் கேட்கிறது. வெடிச்சத்தம் செய்ய வேண்டிய வேலையை ஸ்டீவன் பிரைஸின் இசை செய்கிறது. 'இசை அருமை' என்ற இடத்தில் இதை எழுதலாமே.

நூல்கண்டு:

கயிற்றுக் காட்சியில் சுற்றுப்பாதை சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. கயிறுகள் மிகவும் தளர்வாக இருக்கின்றன, தான் ஸ்டோனையும் சேர்த்து இழுக்கிறேன் என்று கவால்ஸ்கியே வசனத்தில் சொல்கிறார். கயிறு காலில் நழுவிக்கொண்டு இருக்கிறது. அதாவது இருவரும் முழுதாக நிற்கவில்லை, இன்னும் மெல்ல விலகிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படியானால் ஒருவரின் நிறை குறைந்தால் கயிற்றின் மேல் உள்ள இழுப்பும் குறையும். அவர் கழன்றுகொள்வதில் அர்த்தம் இருக்கிறது.

சுற்றுப்பாதை:

ஒப்புக்கொள்கிறேன், வசனம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த நகர்வைப் பிம்பம் காட்டவில்லை. பின்னணியில் நிலையம் சிறிதாகிக்கொண்டே போவதையோ, நட்சத்திரங்கள் மெல்லச் சுழல்வதையோ ஒரே ஒரு ஷாட்டில் காட்டியிருந்தால் இந்த விவாதமே எழுந்திருக்காது. நிலையம் மெதுவாகச் சுழல்வதாக வைத்திருந்தால் வெளிப்பக்க இழுப்புக்கு நேரடிக் காரணமே கிடைத்திருக்கும்.

வெண்திரை, இந்தத் திருத்தத்தைக் கவனியுங்கள். 'அறிவியல் பிழை' என்று எழுதியிருந்தால் நூல்கண்டு போல ஒருவர் வந்து மறுத்துவிடுவார். 'அவர்கள் விலகிக்கொண்டிருப்பதை வசனம் சொல்கிறது, பிம்பம் சொல்லவில்லை' என்று எழுதினால் அது இயக்கத்தைப் பற்றிய விமர்சனம். மறுப்பவர் படத்திலிருந்து ஒரு ஷாட்டைக் காட்டித்தான் மறுக்க வேண்டும்.

ஒலித்தடம்:

பேய்ப் படத்துக்கு நான் வருகிறேன். முதலில் பார்க்கும் முறை, ஏனென்றால் தவறான கருவியில் பார்த்துவிட்டு எழுதும் விமர்சனங்கள் நிறைய.

போன் ஸ்பீக்கரில் பேய்ப் படம் பார்க்க வேண்டாம். அடித்தொனி உறுமல் எதுவும் அதில் வராது. காட்சிக்கு அடியில் ஓடும் பதற்றத்தில் பாதி அங்கேயே போய்விடும். டிவியில் 'நைட் மோட்' இருந்தால் அணைத்துவிடுங்கள். மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கி இரண்டையும் சமமாக்குவதுதான் அதன் வேலை. திடுக்கிடல் வேலை செய்வதோ அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில். அதேபோல இருட்டுக் காட்சி கட்டம் கட்டமாகத் தெரிந்தால் உடனே ஒளிப்பதிவாளரைக் குறை சொல்லிவிட வேண்டாம். இணைய வேகம் குறையும்போது கருப்பில்தான் முதலில் சிதைவு தெரியும். உயர்ந்த தரத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

முதல் தடவை எதுவும் குறிக்காமல் பாருங்கள். முடிந்ததும் நினைவில் நிற்கும் மூன்று காட்சிகளை மட்டும் எழுதி வைத்து, இரண்டாம் தடவை அந்த மூன்றுக்கும் நேரம் குறியுங்கள். அமைதி எந்த நொடியில் தொடங்குகிறது, எந்த நொடியில் உடைகிறது, உடைக்கும் சத்தம் காட்சிக்குள் இருக்கும் பொருளிலிருந்து வருகிறதா, பின்னணி இசையிலிருந்து வருகிறதா. மூன்றாம் தடவை ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு அதே காட்சிகள். ஒலி இல்லாமலும் வயிற்றைப் பிசைந்தால் அந்தப் பயம் சட்டகத்தில் (ஃபிரேமில்) இருக்கிறது. ஒலி போனதும் காட்சி செத்துவிட்டால் முழுச் சுமையையும் ஒலிதான் தூக்கியிருக்கிறது. யூடியூப் காட்சியானால் நிறுத்திவிட்டுக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளால் ஒவ்வொரு சட்டகமாக நகரலாம்.

இப்போது சில உதாரணங்கள். 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஆலிஸ் இரவில் பூங்கா ஓரமாக நடக்கிறாள், பின்னால், சிறுத்தையாக மாறிவிடுவோமோ என்று அஞ்சும் இரீனா. இசையே கிடையாது. இரண்டு ஜோடிக் குதிகால் செருப்புச் சத்தம் மட்டும். ஒரு கட்டத்தில் பின்னால் வரும் சத்தம் நின்றுவிடுகிறது. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. நடை ஓட்டமாகிறது. சட்டென்று சீறல்: பஸ் வந்து நிற்கிறது. தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் இதை 'லூட்டன் பஸ்' என்றே துறையில் சொல்கிறார்கள். இன்றைக்கு வருகிற படங்களில் பாதி இதன் கடைசி நொடியை மட்டும்தான் எடுத்துக்கொள்கின்றன. பூனை குதித்தது, நண்பன் தோளில் கை வைத்தான், அவ்வளவுதான். லூட்டனும் இயக்குநர் ஜாக் டூர்னரும் அதற்குப் பிறகு செய்ததைப் பாருங்கள். பஸ் போன பின் ஆடுகள் செத்துக் கிடக்கின்றன. மண்ணில் மிருகத்தின் காலடித் தடம் போகப் போகப் பெண்ணின் செருப்புத் தடமாக மாறுகிறது. நம்மைத் திடுக்கிட வைத்தது பஸ், ஆனால் ஆபத்து உண்மையாகவே அங்கே இருந்தது. திடுக்கிடல் ஏமாற்று வேலையா இல்லையா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி தெரியாது: அதற்கு அடுத்த ஒரு நிமிடத்தில் ஆபத்து கூடியிருக்கிறதா, பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டதா?

இசையின் நேர்மையையும் இப்படிச் சோதிக்கலாம். 'ஜாஸ்' (1975) படத்தில் ஜான் வில்லியம்ஸின் அந்த இரண்டு ஸ்வரம் வந்தால் சுறா இருக்கிறது என்று பார்ப்பவர் கற்றுக்கொள்கிறார். இரண்டு பையன்கள் அட்டைத் துடுப்பை வைத்துக் கூட்டத்தை ஏமாற்றும் காட்சியில் அந்த இசை வராது. கவனித்தவருக்கு அது பொய் என்று முன்பே தெரியும். இவ்வளவு நேர்மையாக ஒரு விதியைக் கட்டிவிட்டு, படகில் இருந்து போலீஸ் தலைவர் பிராடி இரை வாரிப் போடும்போது இசையே இல்லாமல் சுறா தலையைத் தூக்குகிறது. விதியைப் பார்ப்பவர் முழுசாக நம்பிய பிறகு ஒரே ஒருமுறை மீறுவதால்தான் அந்தக் காட்சி இன்றைக்கும் வேலை செய்கிறது. நீங்கள் விமர்சிக்கும் படத்தில் இசை எத்தனை தடவை பொய் சொல்கிறது என்று எண்ணுங்கள். ஐந்தாறு தடவை பொய்யாக எச்சரித்துவிட்டால் ஏழாவதை யாரும் நம்ப மாட்டார்கள். படம் போரடிக்கத் தொடங்கும் இடமும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

'லாஜிக் ஓட்டை' பற்றிக் கேட்டதால் ஒன்று. 'தி ஷைனிங்' (1980) படத்தில் ஹோட்டல் மேலாளரின் அறையில் வெளிச்சம் கொட்டும் ஜன்னல் இருக்கிறது. தாழ்வாரங்களைத் தொடர்ந்து வந்து பார்த்தால் அந்த அறை கட்டடத்தின் நடுவில் இருக்கிறது, ஜன்னலுக்கு வழியே இல்லை. குறையா? உள்ளே வந்தவரை ஹோட்டலே விழுங்குவதைப் பற்றிய படத்தில் கட்டட வரைபடம் ஒத்துவராமல் இருப்பது கதைக்கு உதவுகிறது. வேண்டுமென்றே செய்தார்களா என்ற ஆராய்ச்சிக்குள் போகாமல், அது பார்ப்பவரிடம் என்ன செய்கிறது என்று எழுதுவது பாதுகாப்பு.

நம் ஊர்ப் பேய்ப் படங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'காஞ்சனா' (2011) வகைப் படங்களில் இடைவேளைக்குப் பிறகு பேயின் முன்கதை வந்ததும் நாம் பேயின் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். அதற்கு மேல் பயம் வராது, வரக்கூடாது. 'இரண்டாம் பாதியில் பயமில்லை' என்று குறை எழுதுவது படம் போகாத ஊருக்கு வழி கேட்பது. அந்த முன்கதை, பழிவாங்கலில் நம்மைக் கூட நிற்க வைக்கிறதா என்பதே அங்கே கேள்வி.

நாலாம்பேனல்:

சூப்பர் ஹீரோ படத்துக்கும் அதே முதல் ஐந்து நிமிடம்தான். 1978இல் வந்த 'சூப்பர்மேன்' திரைச்சீலை விலகி, 1938 ஜூன் என்று காட்டி, ஒரு குழந்தை காமிக்ஸ் வாசிக்கும் குரலோடு தொடங்குகிறது. கொடுத்த வாக்கு காமிக்ஸ். ஹெலிகாப்டரிலிருந்து விழும் நிருபர் லோயிஸைச் சூப்பர்மேன் மேலே பறந்து வந்து ஏந்துவதைக் கணக்குப் போட்டால் பயங்கரமாக இருக்கும். 4 நொடி விழுந்தால் வேகம் நொடிக்கு 39 மீட்டர், மணிக்கு 140 கி.மீ. கைகள் 30 செ.மீ. இறங்கிக் கொடுத்து நிறுத்தினால் சுமார் 260 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 260 மடங்கு. பிழைக்கும்படி 10 ஜி அளவில் நிறுத்த வேண்டுமென்றால் அவனும் கூடவே கீழே பறந்து 8 மீட்டருக்கு மெல்ல மெல்ல வேகத்தைக் குறைக்க வேண்டும். இதெல்லாம் உண்மை, ஆனால் அந்தக் காட்சிக்கு எதிரான விமர்சனம் ஆகாது. படம் இயற்பியல் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

அதே இயற்பியலைக் கதையாக்கியவர்களும் உண்டு. 1973இல் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' காமிக்ஸின் 121ஆம் இதழில் பாலத்திலிருந்து விழும் தன் காதலி குவென் ஸ்டேசியை ஸ்பைடர்மேன் வலை வீசிப் பிடிக்கிறான். கழுத்தருகே சின்னதாக ஒரு முறியும் சத்தம் எழுதப்பட்டிருக்கும். பிடித்ததே கொன்றிருக்கலாம். அங்கே கணக்குக்கு இடம் இருக்கிறது, ஏனென்றால் அவனுடைய குற்றவுணர்ச்சி அதன்மேல்தான் நிற்கிறது. சுற்றுப்பாதை சொன்னதும் இதுதான்.

'சூப்பர்மேன்' படத்தில் அடிக்க வேண்டிய இடம் கடைசியில் இருக்கிறது. மனித வரலாற்றில் தலையிடாதே என்று தந்தையின் குரல் தடை போடுகிறது. லோயிஸ் செத்ததும் அவன் தடையை மீறி உலகைச் சுற்றிப் பறந்து காலத்தைத் திருப்புகிறான். மீறியது நல்ல நாடகம். மீறியதற்கு விலை எதுவும் இல்லை என்பதுதான் குறை. அவள் உயிரோடு இருக்கிறாள், நிலநடுக்கச் சேதமும் போயிற்று, தடை ஏன் போடப்பட்டது என்றே தெரியாமல் படம் முடிகிறது. காலத்தைத் திருப்ப முடிகிறவனுக்கு அடுத்த ஆபத்தில் நாம் ஏன் பதற வேண்டும்?

எதிர்மாதிரி 'ஸ்பைடர்மேன் 2' (2004) ரயில் காட்சி. முதலில் காலைத் தண்டவாளக் கட்டைகளில் ஊன்றுகிறான், கட்டைகள் நொறுங்குகின்றன. அடுத்து இரு பக்கக் கட்டடத்துக்கும் ஒவ்வொரு வலை, சுவர் பெயர்ந்து வருகிறது. மூன்றாவதாக வலைகளைச் சரமாரியாக வீசி எல்லாவற்றையும் உடம்பால் இழுத்துப் பிடிக்கிறான். அவனால் எது முடியாது என்று இரண்டு தடவை காட்டிய பிறகுதான் முடிவதைக் காட்டுகிறார்கள். ரயில் மணிக்கு 90 கி.மீ. வேகம், 50 நொடியில் நிற்கிறது என்று வைத்தால் நொடிக்கு நொடி அரை மீட்டர் வேகக்குறைப்பு. உள்ளே நிற்பவர்கள் லேசாகத் தள்ளாடுவார்கள், அவ்வளவுதான். வலை நீளும் என்பதால் கணக்கும் கைகொடுக்கிறது. அதைவிட முக்கியம், முகமூடி இல்லாமல் மயங்கி விழுகிறான், காப்பாற்றப்பட்டவர்கள் அவனைக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே தூக்கிச் செல்கிறார்கள். விலை கண்ணெதிரே நிற்கிறது.

குறிப்பு எடுக்கும்போது ஒவ்வொரு சண்டைக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: சண்டைக்கு முன் அவனால் முடியாதது எது, சண்டையில் இழந்தது என்ன, அடுத்த காட்சியில் அந்த இழப்பு தெரிகிறதா. மூன்றாவது கட்டம் தொடர்ந்து காலியாக இருந்தால் அதுதான் உங்கள் விமர்சனம்.

நூல்கண்டு:

கால வளையப் படங்களுக்கும் இது பொருந்தும். 'மாநாடு' (2021) படத்தில் செத்தால் கதாநாயகன் அப்துல் காலிக் மறுபடி விமானத்தில் விழிக்கிறான். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு சாவுக்குப் பயமே இல்லாமல் போக வேண்டியது. வில்லனான போலீஸ் அதிகாரி தனுஷ்கோடிக்கும் முந்தைய சுற்றுகள் நினைவில் நிற்கத் தொடங்கியதும் பயம் திரும்பி வருகிறது. இழந்த ஆபத்தை இயக்குநர் வெங்கட் பிரபு எந்த நிமிடத்தில் மீட்கிறார் என்று குறித்தாலே நல்ல பத்தி ஒன்று கிடைக்கும். வளையம் ஏன் உண்டாகிறது என்ற விளக்கத்தைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

வெண்திரை:

எல்லோருக்கும் நன்றி. கயிற்றுக் காட்சிப் பத்தியை மட்டும் திருத்தி எழுதினேன், பாருங்கள்:

'600 கி.மீ. உயரத்தில் இருக்கும் ஹப்பிளிலிருந்து விண்வெளி நிலையத்துக்கு இப்படிப் போக முடியாது என்பதைப் படம் நம்மிடம் கடனாக வாங்கிக்கொள்கிறது. கொடுத்துவிடலாம். கவால்ஸ்கியின் சாவை அப்படிக் கடன் கொடுக்க முடியவில்லை. அவர்கள் விலகிக்கொண்டிருக்கிறார்கள் என்று வசனம் சொல்கிறது, சட்டகத்தில் இருவரும் அசையாமல் நிற்கிறார்கள். துக்கப்பட வேண்டிய நேரத்தில், ஏன் இழுக்கவில்லை என்று யோசிக்கிறோம்.'

800 வார்த்தையில் இதற்கு எவ்வளவு இடம்?

சுற்றுப்பாதை:

இந்த அளவே போதும். தேவைப்பட்டால் அந்த ஒரு ஷாட் எப்படி இருந்திருக்கலாம் என்று இரண்டு வரி சேர்க்கலாம். சாய்வுக் கணக்கைக் கட்டுரைக்குள் கொண்டுவர வேண்டாம், யாராவது கேட்டால் பின்னூட்டத்தில் போடுங்கள்.

ஒரு திருத்தம்: 600 கி.மீ. என்பது படத்தின் தொடக்க எழுத்தில் வரும் எண். ஹப்பிள் அதைவிடத் தாழ்வாக, படம் வந்த காலத்தில் சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. 'ஹப்பிளிலிருந்து' என்று மட்டும் எழுதி எண்ணை எடுத்துவிடுங்கள்.

ஒலித்தடம்:

'அசையாமல் நிற்கிறார்கள்' என்று எழுதும் முன் அந்தக் காட்சியை ஒலியில்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள். கயிறு ஸ்டோனின் காலில் நழுவுவது தெரியும். 'கயிறு நழுவுகிறது, ஆனால் பின்னணி அசையவில்லை' என்பது இன்னும் துல்லியம்.